பிஸ்கால் ஐயாவின் இரண்டாம் பக்கம்

அவரிடம் மணி கேட்கக் கூடாது. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். மணிக்கட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ரை மணிக்கூட்டிலை பத்து நாப்பத்திரண்டு, பிள்ளை. இது ரெண்டு நிமிஷம் முந்தி ஓடுது எண்டு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னவர். அவரின்ரை மணிக்கூடு சரியோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனபடியால் பத்து நாப்பதுக்கும் பத்து நாப்பத்திரண்டுக்கும் இடையிலை எண்டு வைச்சுக்கொள்ளும்."

அதற்குள் தெமோதரை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரம் என்று நான் சொன்னால் சுமாராக என்று அர்த்தம். அவர் சொன்னால் அதற்குச் சத்தியம் செய்வார்.

நீதிமன்றத்து அழைப்பாணைகளைக் கொண்டுபோய் உரியவர் கையில் சேர்ப்பிப்பது அவருடைய உத்தியோகம். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைப் பிஸ்கால் என்பார்கள். தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அவர் பிஸ்கால் ஐயா. பதுளையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் நான் தட்டச்சு வேலை பார்த்த காலத்தில் அவர் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த ஊர் என்று கேட்டால் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், அடையாள அட்டையில் இருக்கிற ஊர் என்று மூன்றைச் சொல்லி, "இதிலை எது உங்களுக்கு வேணும்?" என்று திருப்பிக் கேட்பார். ஒல்லியான மனிதர். குடை, தோல் பை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தொப்பி. ஊவா மாகாணத்தின் பாதி மலைகளை நடந்தே கடந்தவர்.

பிஸ்கால்மார் அழைப்பாணையைக் கொடுத்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கொடுத்தேன், அல்லது ஆள் இல்லை. அதற்குப் படிவத்தில் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதில் பாதி போதும். இவருக்கு இரண்டு பக்கம் வேண்டும். நீதிமன்றத்துத் தட்டச்சுக்காரி கையெடுத்துக் கும்பிட்டுத் துரத்திவிட்டாள். அதனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, இணைப்பு என்று தலைப்புப் போடச் சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவார். நான் அதைச் சிங்களத்தில் அடிப்பேன். எங்கள் லோயர் அம்மா முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்துவிட்டுக் கொண்டுபோவார். கைம்மாறாக ஒரு பார்சல் கிழங்கு ரொட்டி வாங்கி வருவார். பார்சலைப் பிரிக்குமுன், "இதிலை ஒண்டு கொஞ்சம் கருகினது. எது எண்டு தெரியேல்லை," என்று எச்சரிப்பார்.

அந்த இணைப்புகளை நான் சிரிக்காமல் அடித்ததே இல்லை. ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம். ஹாலிஎலப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். அறிக்கை இப்படி இருந்தது:

"பிரதிவாதி வீட்டில் இல்லை என்று அவருடைய மனைவி கூறினார். அச்சமயம் கட்டிலின் கீழிருந்து ஒருவர் தும்மினார். தும்மியவரை நான் காணவில்லை. ஆகவே அவர் பிரதிவாதி என்று சொல்ல மாட்டேன். மனைவி வழக்கமான வாழ்த்தாகக் கட்டிலைப் பார்த்து 'நூறு வயது' என்றார். மறுபடி தும்மல். 'இருநூறு' என்றார். அழைப்பாணையைக் கட்டிலின் கீழே நீட்டினேன். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. கையில் மோதிரம் இருந்தது."

"மோதிரம் எதுக்குங்கய்யா?" என்று கேட்டேன்.

"இருந்தது, பிள்ளை. இருந்ததை விட்டால் பொய்."

"யாருங்கய்யா இதையெல்லாம் வாசிக்கப் போறாங்க?"

"கோடு வாசிக்கும்."

நீதிமன்றத்தை அவர் கோடு என்றுதான் சொல்வார், ஏதோ ஊரில் இருக்கிற பெரிய மனிதர் ஒருவரைச் சொல்வது மாதிரி. கோடு பார்த்துக்கொள்ளும். கோடு கேட்கும். கோட்டுக்குத் தெரியும். உண்மையில் என்ன நடந்தது என்றால், குமாஸ்தா முதல் பக்கத்தில் கொடுத்தாயிற்றா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் குத்திவிடுவார். இரண்டாம் பக்கத்தை ஒரு பிறவியும் புரட்டியதில்லை. இவருடைய கோப்புகள் மட்டும் தடிமனாக இருப்பதால் அலுமாரி மூடுவதில்லை என்று ஒரு புகார் இருந்தது. அவ்வளவுதான் அவற்றுக்குக் கிடைத்த கவனம்.

கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை பண்டாரவளையில் ஒரு ஆசிரியையைப் பார்க்கப் போனதாக லோயர் அம்மா சொன்னார். பெண்ணின் தகப்பன் மரியாதைக்காக, "தம்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றாராம். இவர் சொல்லியிருக்கிறார்: நித்திரையில் குறட்டை விடுவேன் என்று பக்கத்து அறைக்காரர் சொல்லுகிறார், எனக்கு நேரடியாகத் தெரியாது. முன்பக்கம் முடி கொட்டுகிறது, இன்னும் இரண்டு வருஷம் தாங்கலாம். கோபம் வராது; வந்தால் மூன்று நாள் போகாது. தகப்பன் இவருக்கு வைத்த தேநீரைத் தானே குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

ஒரு சாவு வீட்டில் இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நான் அன்னாரை மூண்டு தரம் சந்திச்சனான். ரெண்டு தரம் கதவைச் சாத்தினவர். மூண்டாம் தரம் தேத்தண்ணி தந்தவர். தேத்தண்ணி நல்லாய் இருந்தது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்த விதவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரித்தாளா என்று நான் காணவில்லை. இப்படி எழுதும் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

இந்த ஆளை வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்துக் களித்த நாட்களில்தான் அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். யுத்தம் நடந்த காலத்தில், இருபது வயது மகன் ஒரு காலையில் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தோட்டத்துத் தேயிலை ஆலையைப் பார்க்கும் டீமேக்கர் முன்பு குடியிருந்த பழைய பங்களாவில் அப்போது ஒரு மேஜரும் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து வைத்தவர் அந்தப் பகுதி அரசியல்வாதி. பையன் அவருக்கு எதிராகத் தேர்தலில் போஸ்டர் ஒட்டியவன். பிடித்துக்கொண்டு போனதை லயமே, அந்த வரிசை வீடுகளில் இருந்த எல்லாருமே, பார்த்திருக்கிறது. ஆனால் கேட்டால் யாரும் பார்க்கவில்லை. பங்களாவில் முகாமே இருந்ததில்லை என்றது மேலிடம். நான்கு வருஷத்தில் மேஜர் பதவி உயர்ந்தார் (எங்கள் வாயில் அவர் மேஜராகவே இருந்தார்), அரசியல்வாதி மந்திரியானார். அந்த அம்மா செவ்வாய்க்கிழமை தோறும் அரைநாள் வேலைக்கு மட்டும் பேர் போட்டுவிட்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கானா இல்லையான்னு கூட நான் கேக்கலம்மா," என்பார். "நாங்க கூட்டிட்டுப் போனோம்னு ஒரு வார்த்த அவங்க ஒத்துக்கிட்டா, மிச்சத்த அங்கேருந்து கேட்டுக்குவேன்."

லோயர் அம்மா ஆட்கொணர்வு மனு போட்டார். ஆளைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்து என்று கேட்கும் மனு அது. அதற்கு முதல் படி, ஆள் இவர்கள் கையில் இருந்தான் என்று காட்டுவது. காட்ட எங்களிடம் தாயின் அழுகையைத் தவிர ஒன்றும் இல்லை. முதல் தவணை விசாரணையோடு மனு செத்துவிடும் என்று லோயர் அம்மாவே என்னிடம் சொன்னார். இருந்தாலும் மேஜருக்கும் மந்திரிக்கும் அழைப்பாணை எழுதப்பட்டது. அதைக் கொண்டுபோகும் முறை பிஸ்கால் ஐயாவுடையது.

மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன், பையன் பெயர் போட்ட அந்த அழைப்பாணைகளோடு அவர் வாசலில் நின்றார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"கடைசியிலை வாசிச்சிட்டினம், பிள்ளை. நாலு வருஷம் பிந்தினாலும் பரவாயில்லை. கோடு வாசிச்சிட்டுது."

"எதைங்கய்யா?"

"ஆட்டு வழக்கிலை நான் குடுத்த இணைப்பை. இந்தப் பெடியனைப் பற்றின விஷயம் அதிலைதானே இருக்குது."

ஆட்டு வழக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதே தோட்டத்தில் ஒருவருடைய ஆடு இன்னொருவருடைய முட்டைக்கோவாத் தோட்டத்தைத் தின்றுவிட்ட வழக்கு. அறிக்கையில் ஆட்டின் தாடியைப் பற்றி மட்டும் மூன்று வரி இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. பையன் ஒருவன் இருந்ததாக ஞாபகமே இல்லை. லோயர் அம்மா ஓடிப்போய்ப் பதிவறையில் அந்தக் கோப்பைக் கிளறி எடுத்து, அத்தாட்சிப் பிரதி வாங்கி வந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது:

"காலை மணி பத்து நாற்பது அளவில் பழைய டீமேக்கர் பங்களாவின் கேட்டைக் கடந்தேன். பச்சை நிற டபுள்கெப் வாகனம் ஒன்று நின்றது. நம்பர் பலகை இல்லை. முன் கண்ணாடியில் ஓர் அரசியல்வாதியின் படம் ஒட்டியிருந்தது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாகனத்தின் பின்னால் கை கட்டப்பட்ட ஓர் இளைஞர் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சாரம் உடுத்திருந்தார். வலது காலில் மட்டும் செருப்பு. அருகில் நின்ற அதிகாரியின் சட்டையில் பெயர்ப் பட்டை இருந்தது." அதன் கீழே அரசியல்வாதியின் பெயர், அதிகாரியின் பெயர். பிறகு இப்படி: "இளைஞர் என்னை 'பிஸ்கால் ஐயா' என்று கூப்பிட்டுத் தன் பெயர், லயம், தாயின் பெயர் ஆகியவற்றைக் கூறி, தாயிடம் சேர்ப்பிக்க ஒரு செய்தி சொன்னார். செய்தி தாய்க்குரியது, இங்கே எழுதவில்லை. சிப்பாய் என்னைப் போகச் சொன்னார். நான் பயந்தேன். பதில் சொல்லாமல் நடந்தேன். பிரதிவாதி வீட்டில் இருந்தார். ஆடும் இருந்தது."

கீழே அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே, மூலையில், அடித்தவளுடைய அடையாளமாக என் பெயரின் முதல் எழுத்து.

நான் அதைப் பார்க்காதது போல அவர் மேல் பாய்ந்தேன். "நாலு வருஷமா அந்தம்மா அலையுறாங்க. அந்தத் தோட்டத்துக்கு அதுக்கப்புறம் நீங்க எத்தன தடவ போயிருப்பீங்க?"

"பதினொரு தரம். அந்த லயத்துக்கு மூண்டு தரம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"பயம், பிள்ளை. லயத்திலை வைச்சு நான் வாய் திறந்தால் அடுத்த நாள் என்னையும் ஏத்துவினம். கோடு கூப்பிட்டுக் கேட்டால் கோட்டிலை வைச்சுச் சொல்லலாம் எண்டு இருந்தன். சத்தியம் பண்ணிக் குடுத்திட்டனே, எப்பிடியும் வாசிக்கும்தானே எண்டு நினைச்சன்." பிறகு, "அப்ப இவையள் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? கோடாவது வாசிக்கவில்லை. நான் ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறேன். ஆட்டுத் தாடிக்குச் சிரித்த வேகத்தில் ஒரு தாயின் பிள்ளை என் விரலுக்கடியில் போயிருக்கிறான். எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

லோயர் அம்மா அவரை உட்காரவைத்து, "இனி நீங்கள் எங்கள் சாட்சி. விசாரணை முடியும்வரை அந்தத் தாயோடு பேசக் கூடாது," என்றார். பிறகு, "பையன் சொன்ன செய்தி என்ன?" என்று கேட்டார்.

"அது தாய்க்கு."

"நான் தாயின் லோயர்."

"ஓம். நீங்கள் தாய் இல்லை."

வேலை வாங்கியே தீருகிற எங்கள் லோயர் அம்மா அந்தக் கேள்வியைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டார்.

மேஜருக்கு அழைப்பாணை சேர்ப்பிப்பது சுலபமாக முடிந்தது. மந்திரிதான் தண்ணீர் காட்டினார். வீட்டுக்குப் போனால் கொழும்பில். கொழும்புக்குப் போனால் தொகுதியில். கடைசியில் ஹாலிஎலப் பக்கத்தில் அவர் ஒரு மண்டபம் திறக்க வந்தார். வருகிற பிரமுகருக்கு வரிசையில் நின்று வெற்றிலைக் கட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். கொடுப்பவர் யாரானாலும் பிரமுகர் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து ஏற்க வேண்டும். கேமராக்கள் சுற்றி நிற்கும்போது மறுக்க முடியாது. பிஸ்கால் ஐயா சலவை வேட்டியோடு வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார். அன்று மாலை எனக்கு அறிக்கை சொன்னார். இந்த முறை நான் ஒவ்வொரு சொல்லையும் வாசித்துத்தான் அடித்தேன்:

"வெற்றிலை நாற்பது. நடுவில் அழைப்பாணை. இரண்டாவது எதிர்மனுதாரர் இரு கையாலும் பெற்றுக்கொண்டு குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். பின்பு விரித்து வாசித்தார். பின்பு வணங்கவில்லை."

அதற்குப் பிறகு தொந்தரவு ஆரம்பமானது. மந்திரியின் செயலாளர் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டார். போகவேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டோம். போய்விட்டு நேராக எங்களிடம் வந்தார். நிறம் வெளுத்திருந்தது. "இணைப்பு எண்டு போடும், பிள்ளை," என்றார்.

"மேற்படி செயலாளர் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டார். 'வயதாகிவிட்டது, ஞாபக மறதியில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும்' என்றார். எனக்கு வயது ஐம்பத்தொன்று என்றேன். 'இல்லாவிட்டால் மாற்றம் வரும், யானை வருகிற இடத்துக்கு' என்றார். எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. என் தேநீர் சாசரில் சிந்தியது. சிந்தியதையும் குடித்தேன்."

லோயர் அம்மா இரண்டு முறை வாசித்துவிட்டு, "இது சாட்சியை மிரட்டினதற்குச் சாட்சி. உங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று தெரிகிறதா?" என்றார்.

"நடந்ததைச் சொன்னனான்."

"பயமில்லையா?"

"பயம்தான். ஆனால் கோட்டுக்கு ஒண்டை மறைக்கிறது எண்டால் அதைவிடப் பயம்."

அவர் துணிச்சல்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூனை குறுக்கே ஓடினால் குடையைத் தவறவிடுகிறவர். அவருக்கு இருந்தது வேறு ஏதோ. அதற்குப் பெயர் தெரியாததால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மாற்றம் பிறகு வந்தது. யானை வருகிற இடத்துக்கேதான். அங்கே யானைகளைப் பற்றி என்னென்ன இணைப்பு எழுதினாரோ. நான் அலுவலகத்தை விட்டு வந்து பல வருஷமாகிறது. அவர் இப்போது எங்கே என்று விசாரிக்கவில்லை. ஆகவே சொல்ல மாட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது. நான் சொல்ல நினைப்பது அவர் சாட்சிக் கூண்டில் ஏறிய அந்த ஒரு நாளை.

நீதிமன்றத்தில் பேச்செல்லாம் சிங்களம். நான் நம் மொழியில் எழுதுகிறேன். முன் வரிசையில் மேஜர், பக்கத்தில் மந்திரியின் ஆட்கள். தாய்க்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். எதிர்த் தரப்பு வக்கீல் கொழும்பிலிருந்து வந்தவர். இரண்டாம் பக்கத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஆடு என்ன நிறம்?"

"வெள்ளை. ஒரு காது கறுப்பு."

"எந்தக் காது?"

"எழுதவில்லை. ஆகவே சொல்ல மாட்டேன்."

நீதிமன்றம் சிரித்தது. நீதிபதியும் குனிந்துகொண்டார். வக்கீலுக்குத் தெம்பு வந்தது.

"இது உங்களை வைத்து இப்போது செருகிய பக்கம். நான்கு வருஷத்துக்கு முன் எழுதியது அல்ல."

"நீதிமன்றத்தின் திகதி முத்திரை இருக்கிறது, ஐயா. கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது."

"சரி. எழுதினீர்கள். ஆனால் அப்படி ஒருவனை நீங்கள் காணவில்லை. ஆட்டைப் போல அவனையும் சும்மா அளந்துவிட்டீர்கள். செய்தி சொன்னானாம், அதை மட்டும் எழுதவில்லையாம். ஏனென்றால் செய்தியே இல்லை. இருந்தால் சொல்லுங்கள் பார்ப்போம்."

"இருக்கிறது. சொல்ல முடியாது. தாயிடம் சேர்ப்பிக்கத் தந்தது. இன்னும் சேர்ப்பிக்கவில்லை."

"நான்கு வருஷமாகவா?"

"ஆம். பயத்தினால்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "தாய் இங்கே இருக்கிறார். இப்போது சேர்ப்பிக்கலாம். நீதிமன்றம் அனுமதிக்கிறது."

வக்கீல் மறுக்கப் பார்த்தார். கேட்டதே அவர்தான் என்று நீதிபதி ஞாபகப்படுத்தினார். பிஸ்கால் ஐயா கூண்டை விட்டு இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, எந்த வீட்டு வாசலிலும் கேட்பது போல அவர் பெயரையும் லயத்தையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு சொன்னார். அது யாழ்ப்பாணப் பேச்சு இல்லை. அந்தப் பையனுடைய பேச்சு, அப்படியே:

"'பிஸ்கால் ஐயா, கோழிக்குஞ்ச கொழுந்துக் கூடையால கவுத்து மூடிட்டு வந்தேன். மேல கல்லு வைக்க மறந்துட்டேன். அம்மாவ கல்லு வைக்கச் சொல்லுங்க.' இவ்வளவுதான், அம்மா."

மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொன்னார். பிறகு அந்த அம்மா, கடையில் கணக்குச் சரிபார்க்கிற குரலில் கேட்டார்.

"எத்தன குஞ்சுன்னு சொன்னானுங்களா?"

"சொல்லேல்லை, அம்மா."

"ஏழுங்க. நா மலையில இருந்து வாறதுக்குள்ள கீரி தூக்கிட்டுப் போயிருச்சு. ஒரு கல்லத் தூக்கி வச்சிட்டுப் போக ஒனக்கு என்னடா கேடுன்னு, இந்த நாலு வருஷமும் அவனத்தாங்க ஏசிக்கிட்டு இருந்தேன்."

நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார்: "இந்தக் குஞ்சு விஷயத்தை இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா? இவரிடமோ, உங்கள் சட்டத்தரணியிடமோ?"

"புள்ளையக் காணோம்னு நிக்கிறப்போ, கோழிக்குஞ்சு போச்சுன்னு யாருகிட்டங்க சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?"

கொழும்பு வக்கீல் கையிலிருந்த பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். பையன் அந்த வாகனத்தில் இருந்தான் என்பதை அதற்குமேல் ஒருவரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. லோயர் அம்மா என் கையைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

பிஸ்கால் ஐயா மட்டும் வேலையை முடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டினார். அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பதில் குடுத்தா கொண்டு போவீங்களா?"

"கொண்டுபோறது என்ரை வேலை."

"அம்மா இனிமே ஏச மாட்டேனாம்னு எழுதிக்கங்க."

பிஸ்கால் ஐயா பேனாவைத் திறந்து, தாளின் பின்பக்கத்தில் அந்தச் சொற்களை அவர் சொன்னபடியே எழுதினார். எழுதி முடித்ததும் முப்பது வருஷப் பழக்கத்தில் அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது.

"விலாசம் போடவேணும், அம்மா. மகன் இப்ப எங்கை இருக்கிறார்?"

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. முன் வரிசையைப் பார்த்தார்.

"அதத்தானுங்க, அங்க ஒக்காந்திருக்கிற ஐயாகிட்ட நான் நாலு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பிஸ்கால் ஐயா திறந்த பேனாவோடு மேஜரின் பக்கம் திரும்பி, விலாசத்துக்காகக் காத்து நின்றார்.